அந்த லேஸுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?

தலைப்பைப் பார்த்துட்டு பத்து ரூபா சிப்ஸ் பாக்கெட் பத்தின கட்டுரைன்னு நினைச்சு உள்ள வந்தவங்களுக்கு முதல்ல ஒரு சாரி. இது நூல்ல பின்னுற லேஸ். அதுலயும் டாட்டிங்னு ஒரு வகை. அதை 'டேட்டிங்'னு படிச்சவங்களுக்கு ரெண்டாவது சாரி. ஆனா வந்தது வந்துட்டீங்க, ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க.

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஊர் மரக்காணம் பக்கம். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல எங்கயாவது இடறினா பொறுத்துக்கங்க. சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, இன்ஜினியரிங் படிக்கிற ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு கைவேலையை, முடிஞ்சா டாட்டிங்கையே, ஒரு பத்து மணி நேரமாவது தன் கையால கத்துக்கணும். ரெண்டு, அப்படிக் கத்துக்காம 'உப்பளப் பெண்களுக்கு லேஸ் பயிற்சி கொடுத்து வாழ்வாதாரத்தை உயர்த்துவோம்'னு யாரும் பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதக்கூடாது. ரெண்டாவது ஏன்னு புரியணும்னா முதலாவதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஒரு முடிச்சு, அவ்வளவுதான்

டாட்டிங்குக்குத் தேவை ஒரு ஷட்டில், கொஞ்சம் நூல். பேட்மின்டன் ஷட்டில் இல்லீங்க. தறியில ஓடுற நாடாவோட குட்டித் தங்கச்சின்னு வச்சுக்கலாம். உள்ளங்கைக்குள்ள அடங்குற, படகு மாதிரி இருக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. உள்ள நூல் சுத்தியிருக்கும். ஃபேன்ஸி ஸ்டோர்ல கிடைக்கிற குரோஷா நூலே போதும்.

போடவேண்டிய முடிச்சும் ஒண்ணே ஒண்ணுதான். உங்க ஐடி கார்டுல ஒரு நாடாவை மடிச்சு ஓட்டைக்குள்ள விட்டு இழுத்து மாட்டுறீங்களே, அதே முடிச்சு. அதை ரெண்டு பாதியா போடணும். முதல் பாதி ஒரு பக்கமா, ரெண்டாவது பாதி அதுக்கு நேர் எதிரா. ரெண்டும் சேர்ந்தா ஒரு இரட்டை முடிச்சு. இப்படி வரிசையாப் போட்டுக்கிட்டே போய் நூலை இழுத்தா வளையமா மூடிக்கும். முடிச்சுக்கு நடுவுல கொஞ்சம் நூலைத் தளர்வா விட்டா சின்னக் காது மாதிரி ஒரு கண்ணி வரும். அதுக்குப் பேரு பிக்கோ. அழகுக்கும் அதுதான், பக்கத்து வளையத்தை இணைக்கிறதும் அதுதான். இன்னொரு நூலைச் சேர்த்துக்கிட்டா வளையமா மூடாம வில்லா வளைஞ்சு போற செயினும் போடலாம். முடிச்சு, வளையம், பிக்கோ, செயின். மொத்த டாட்டிங்கும் இந்த நாலுதான்.

கேக்க ஈஸியா இருக்கா? கஷ்டம் ஒரே இடத்துலதான். முடிச்சைப் போடுறது வலது கையில இருக்கிற ஷட்டில் நூல். ஆனா இறுக்கும்போது அந்த முடிச்சு இடது கை விரல்ல சுத்தியிருக்கிற நூலுக்குக் கைமாறணும். ஷட்டில் நூல் நேரா, விறைப்பா, நடுத்தண்டா நிக்கணும். அப்பத்தான் முடிச்சுங்க அதுமேல வழுக்கிட்டுப் போகும், வளையம் மூடும். கைமாறலைன்னா அந்த இடத்துலயே பூட்டிக்கும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வளையம் மூடாது. யூடியூப்ல நூறு வீடியோ இருக்கு, எல்லாத்துலயும் இது ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும். உங்க விரலுக்கு அது புரிய ஒரு வாரம் ஆகும்.

நம்ம ஊருக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்ல. உங்க வீட்டுல மல்லிப்பூ தொடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. விரல்ல நூலைச் சுத்தி, பூக்காம்பைச் சேர்த்து, ஒரு இழு. டாட்டிங் பண்ற கையைத் தூரத்துல இருந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும்.

கன்ட்ரோல் இசட் கிடையாது

ஏன் கத்துக்கணும்? 'ஸ்ட்ரெஸ் குறையும்'னு சொல்ல மாட்டேன். முதல் வாரம் நிச்சயமா ஏறும். நான் சொல்ற காரணம் வேற. நாலு வருஷம் கேட் சாஃப்ட்வேர்ல வரையுறோம். பிடிக்கலையா, அழி. சரியில்லையா, பின்னாடி போ. டாட்டிங்ல மூடின வளையத்தைத் திறக்கிறது பெரும்பாடு. பெரும்பாலும் கத்தரிதான். அதனால மூடுறதுக்கு முன்னாடி எண்ணுவீங்க. ரெண்டு தடவை எண்ணுவீங்க. திரும்பிப் போக முடியாத ஒரு செயலுக்கு முன்னாடி நின்னு சரிபார்க்கிற இந்தப் பழக்கத்தை எந்த லேபும் எனக்கு இவ்வளவு அழுத்தமா சொல்லித்தரல.

அடுத்தது வடிவம். டாட்டிங்ல ஒரு பூ, ஒரு நட்சத்திரம் மாதிரி தனியா முடியுற துண்டை மோட்டிஃப்னு சொல்வாங்க. இதுலதான் விளையாட்டே. நடுவுல ஆறு வளையம் சேர்ந்த ஒரு பூ போட்டுக்கங்க. சுத்தி ஆறு செயின். எத்தனை முடிச்சு போட்டா அது தட்டையா படுக்கும்? பேட்டர்ன் புக் பார்க்காமலே கணக்குப் போடலாம். என் கையில பத்து முடிச்சு கிட்டத்தட்ட 1 செ.மீ. வருது. வெளிவட்டத்தோட ஆரம் 2.5 செ.மீ.ன்னா சுற்றளவு 15.7 செ.மீ. ஆறால வகுத்தா ஒரு செயினுக்கு 2.6 செ.மீ., அதாவது 26 முடிச்சு. வில்லா வளையுறதுக்கு ரெண்டு கூட்டி 28.

இப்ப வேணும்னே தப்பாப் போடுங்க. 22 போட்டா சுற்றளவு பத்தாம ஓரம் உள்பக்கமா இழுத்து, மோட்டிஃப் கிண்ணமா குழியும். 40 போட்டா மிச்ச நீளத்துக்கு இடம் இல்லாம ஓரம் அலை அலையா நெளியும், கோழிக்கொண்டை மாதிரி. இது வெறும் அழகு சமாச்சாரம் இல்ல. 1997-ல் டாய்னா டாய்மினாங்கிற கணிதப் பேராசிரியை ஹைபர்போலிக் தளத்தை குரோஷாவுல பின்னிக் காட்டினாங்க. காகிதத்துல வரைஞ்சு புரிய வைக்க முடியாத ஒரு ஜியோமெட்ரியைக் கையில பிடிச்சுப் பார்க்க வச்சது ஒரு கொக்கி ஊசி. நீங்க 40 முடிச்சு போட்டு நெளிய விட்டதும் அதே குடும்பம்தான்.

இதழ் எண்ணிக்கையையும் மாத்திப் பாருங்க. ஆறு இதழ் மோட்டிஃப் பக்கத்துல பக்கத்துல தேன்கூடு மாதிரி இடைவெளி இல்லாம அடுக்கும். அஞ்சு இதழ் தரையில அடுக்காது, இடைவெளி விழும். ஆனா பன்னிரண்டு அஞ்சிதழை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக்கிட்டே போனா மேல எழும்பி பந்தா மூடிக்கும். நாலு பக்கம்தான் ரொம்ப அடம் பிடிக்கும். டாட்டிங் முடிச்சுக்கு இயல்பே வளைவு. சதுரம் வேணும்னா நாலு மூலையிலயும் குட்டி வளையம் வச்சு, ஈரம் பண்ணி, குண்டூசி குத்திக் காய வச்சுத்தான் நேராக்கணும்.

நான் அந்தச் சதுரத்துக்காகத்தான் ரொம்ப நாள் மெனக்கெட்டேன். ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறப்ப மரக்காணம் தாண்டும்போது பஸ் ஜன்னல்ல எட்டிப் பாருங்க. பாத்தி பாத்தியா, வரப்பு வரப்பா, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கட்டம் போட்ட தரை. அந்த உப்பை எடுத்து லென்ஸ் வச்சுப் பார்த்தா அதுவும் குட்டிக் குட்டிக் கனசதுரம். பெரிய சதுரத்துக்குள்ள சின்னச் சதுரம் விளையுற ஊர்ல இருந்துக்கிட்டு, பூவும் நட்சத்திரமும் மட்டும் ஏன் பின்னணும்னு தோணுச்சு. செயின் வரப்பாச்சு, பிக்கோ உப்பாச்சு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாரும் அடுத்து சொன்னது ஒரே வாக்கியம்: "இதை உங்க ஊரு உப்பளத்து லேடீஸுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே!"

இங்கதான் நான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்றேன்.

பேர்லயே இருக்கு பிரச்சினை

டாட்டிங்குக்கு பிரெஞ்சுல 'ஃப்ரிவோலிதே'ன்னு பேரு. வெட்டி வேலை, விளையாட்டுத்தனம்னு அர்த்தம் வர்ற சொல். இத்தாலியில 'கியாக்கியெரினோ'. அரட்டை அடிக்கிறதுங்கிற வார்த்தையில இருந்து வந்தது. ஜெர்மன்காரங்க 'படகு வேலை'ன்னு கருவி பேரைச் சொல்லி ஒழுங்கா வச்சிருக்காங்க. பொம்பளைங்க உட்கார்ந்து பேசிக்கிட்டே பண்றது, அதனால அது வேலையே இல்லைங்கிற நினைப்பு பேர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு.

அப்படியே எங்க கடற்கரைக் குப்பத்துக்கு வாங்க. ஆம்பளைங்க கீத்துக்கொட்டாய் நிழல்ல உட்கார்ந்து வலை பின்னுவாங்க, கிழிஞ்சதைச் சரி பண்ணுவாங்க. கையில நூல் சுத்தின ஊசி, முடிச்சுக்கு மேல முடிச்சு, கண்ணிக்கு ஒரே அளவு. அரட்டையும் உண்டு. ஆனா அதை யாரும் பொழுதுபோக்குன்னு சொன்னதில்ல. அது தொழில். நூலு, முடிச்சு, அரட்டை எல்லாம் ஒண்ணா இருந்தும் ஒண்ணு தொழில், இன்னொண்ணு 'சும்மா இருக்கிற நேரத்துல பண்றது'. பண்றது யாருங்கிறதைத் தவிர வேற என்ன வித்தியாசம்?

லேஸ் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. நாகர்கோவில்ல 1819-ல் வந்து சேர்ந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்கள் பள்ளி நடத்தி, கூடவே லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தாங்க. அது டாட்டிங் இல்ல, தலையணை மேல குச்சிகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற பாபின் லேஸ். திருவாங்கூர்ல அடிமை முறை ஒழிஞ்சது 1855-ல். அதுக்கு முன்னாடியே லேஸ் வித்த காசுல சில பெண்கள் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கிட்டாங்கன்னு மிஷன் பதிவுகள் சொல்லுது. மார்த்தாவோட மகள் எலைசாதான் ராபர்ட் கால்டுவெல்லோட மனைவி. கால்டுவெல்லை ஒப்பிலக்கணம் எழுதினவரா நமக்குத் தெரியும். இடையன்குடியில பொண்ணுங்களுக்குப் படிப்பும் லேஸும் சொல்லிக் கொடுத்த எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

இது நல்ல கதை. இன்னொரு கதை ஆந்திராவுல இருக்கு. மேற்கு கோதாவரி மாவட்டத்து நர்சாபூர். அங்கயும் 19-ஆம் நூற்றாண்டுல மிஷனரிங்க மூலமா வந்ததுதான், குரோஷா லேஸ். உலகம் முழுக்க ஏற்றுமதி ஆச்சு, புவிசார் குறியீடு வரைக்கும் வந்தாச்சு. அந்தப் பெண்களைப் பத்தி மரியா மீஸ்ங்கிற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-ல் 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. நம்ம லைப்ரரியில இல்லைன்னா வாங்கச் சொல்லிக் கேளுங்க. அதோட சாரம் இதுதான்: ஏற்றுமதிக்காரங்க பெரிய ஆளானாங்க. பின்னின பெண்களுக்கு வந்தது சொற்பக் கூலி. காரணம், அவங்களை யாரும் தொழிலாளின்னே எண்ணல. 'வீட்டுல இருக்கிறவங்க, ஓய்வு நேரத்துல பண்றாங்க.' ஓய்வு நேரத்துக்கு யாராவது கூலி கேப்பாங்களா?

ஒரே நூல், ரெண்டு கதை. வித்தியாசம் பின்னலோட அழகுல இல்ல. காசு யார் கையில நின்னுச்சு, மணி நேரத்தை யார் எண்ணினாங்கங்கிறதுல இருக்கு.

இப்ப எண்ணலாம்

நம்ம மோட்டிஃபையே எடுத்துக்கங்க. ஆறு வளையம், ஒண்ணுக்கு 20 முடிச்சு, மொத்தம் 120. ஆறு செயின், ஒண்ணுக்கு 28, மொத்தம் 168. கூட்டினா 288 இரட்டை முடிச்சு. ஒரு முடிச்சுக்கு 6 செகண்ட் வச்சா 29 நிமிஷம். இணைக்கிறது, வளையம் மூடுறது, நூல் நுனியை உள்ள ஒளிச்சுத் தைக்கிறது எல்லாம் சேர்த்து எனக்கு இப்ப 50 நிமிஷம் ஆகுது. நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறுன்னு ஏழு மோட்டிஃப் சேர்த்தா ஒரு டேபிள் மேட். அலசி, குண்டூசி குத்திக் காய வைக்கிறதையும் சேர்த்தா ஆறு மணி நேரம்.

இதை 150 ரூபாய்க்கு வித்தா 'வாவ், ஹேண்ட்மேட்!'னு வாங்குவாங்க. நூல் செலவு 20 போனா மிச்சம் 130. ஆறால வகுங்க. மணிக்கு 22 ரூபாய்கூட இல்ல. எட்டு மணி நேரம் கண்ணை ஊன்றிப் பின்னினா 173 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். அந்த 336-ஐ எட்டணும்னா மட்டுமே மேட்டோட அடக்க விலை 272 வரணும். கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தா விலைச்சீட்டுல 390 போடணும். டீ கிளாஸ் வைக்கிற துணிக்கு 390 கொடுக்க நீங்க ரெடியா? மிஷின் லேஸ் மீட்டர் கணக்குல பக்கத்துக் கடையிலயே தொங்கும்போது?

"ஆனா அவங்களுக்கு மழைக்காலத்துல வேலை இல்லையே, சும்மாதானே இருக்காங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. உப்பளம் வெயிலை நம்பின தொழில். வருஷ ஆரம்பத்துல தொடங்கி வடகிழக்குப் பருவமழை வர்ற வரைக்கும்தான் ஓடும். அக்டோபர்ல இருந்து பாத்தி எல்லாம் குளம். அந்த மாசங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. தேவை இருக்கு, மறுக்கல. ஆனா 'சும்மா' இல்ல. தண்ணி எடுக்கிறது, ஆட்டைப் பார்க்கிறது, ஒழுகுற கூரையைப் பார்க்கிறது, நடவு கிடைச்சா போறது, பிள்ளைங்களை அனுப்புறது. நர்சாபூர்ல சொன்ன அதே 'ஓய்வு நேரம்' இது.

எங்க பெரியம்மா பல வருஷமா உப்பு வாருறவங்க. என் சதுர மோட்டிஃபை அவங்ககிட்ட காட்டினேன். தடவிப் பார்த்தாங்க, "அளவா இருக்குடா தம்பி, நம்ம பாத்திதான்"னு சிரிச்சாங்க. கத்துக்கிறீங்களா பெரியம்மான்னு கேட்டேன். "ஆறு மாசமா வெள்ளைய பாத்துப் பாத்து கண்ணு எரியுது. மழை வந்தாத்தான் கொஞ்சம் ஆறும். அப்பவும் வெள்ளை நூலையா எண்ணச் சொல்ற?" அப்படின்னாங்க. எந்த ஃபீசிபிலிட்டி ஸ்டடியிலயும் இந்த வரி வராது. ஏன்னா யாரும் உப்பளத்துல வெயில் தெறிக்கிறதைக் கண்ணால அனுபவிச்சுட்டு ரிப்போர்ட் எழுதறதில்ல. பெரியம்மா சும்மா மறுத்துட்டு விடவும் இல்ல. "கலர் நூல்னா பக்கத்து வீட்டுப் பொண்ணு கேப்பா. அவகிட்ட எவ்ளோ தருவீங்கன்னு மொதல்ல சொல்லு"ன்னாங்க. பாருங்க, விலை பேசுறது நம்மளைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியுது.

அப்ப என்னதான் பண்ணலாம்?

டாட்டிங்கை யாருக்கும் சொல்லித் தராதீங்கன்னு நான் சொல்லல. நாகர்கோவில் கதை நடந்த கதைதான். ஆனா வரிசை முக்கியம்.

முதல்ல நீங்க கத்துக்கங்க. பத்து மணி நேரம். பசங்களும்தான். ஹாஸ்டல்ல கிண்டல் பண்ணுவாங்க, ரெண்டு நாள்ல 'டேய் எனக்கு ஒரு கீ செயின்'னு வந்து நிப்பாங்க. கழுத்து வலி எப்ப ஆரம்பிக்குது, டியூப்லைட்ல கண்ணு எப்ப சோருதுன்னு உங்க உடம்புக்கே தெரியட்டும்.

அடுத்து, நேரத்தை எழுதுங்க. மோட்டிஃபுக்கு எத்தனை நிமிஷம், எத்தனை முடிச்சுன்னு. வொர்க் ஸ்டடி பேப்பர் நமக்கு இருக்கே, அதைத் தொழிற்சாலைக்கு மட்டும்தான் போடணுமா? அதே ஸ்டாப்வாட்ச் கைவேலைக்கும் ஓடட்டும். விலைச்சீட்டுல 'கையால் செய்தது'ன்னு போடுறதுக்குப் பதிலா 'ஆறு மணி நேரம்'னு போடுங்க. வாங்குறவங்க பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

டிசைனை அவங்ககிட்ட விடுங்க. மேட்டுக்குக் காசு வராதுன்னு பார்த்தோம். நேரம் குறைவா எடுத்து விலை கூடுதலா கிடைக்கிற பொருள், உதாரணமா ஒரே மோட்டிஃப்ல ஒரு கம்மல், வேணும்னா அதுக்குப் புது வடிவம் வேணும். பாத்தியும் வரப்பும் கழுவெளிக்கு வர்ற பூநாரையும் தினம் பார்க்கிற கண்ணு அதை நம்மளைவிட நல்லா யோசிக்கும். வடிவம் யார் போட்டதோ அவங்க பேரும் அதுக்கான காசும் அவங்களுக்கே போகணும்.

கடைசியா, லேஸ்தான் வேணுமான்னு கேளுங்க. உப்பளத்துல நிழல் இல்ல. உப்புத்தண்ணியில நின்னு கால் புண்ணாகுது. வெள்ளைத்தரை வெளிச்சத்துல கண்ணு போகுது. உவர்நீர் எப்ப 25 போமே அளவைத் தொடுதோ அப்பத்தான் உப்பு இறங்கும்னு புத்தகம் சொல்லுது. பெரியம்மா தண்ணியோட நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்க. நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்து யோசிக்க வேண்டிய இன்ஜினியரிங் இங்க கொட்டிக் கிடக்கு: மடக்கி எடுத்துட்டுப் போற நிழற்பந்தல், உப்பு அரிக்காத செருப்பு, கண்ணு கூசாத மலிவான கண்ணாடி. இதையெல்லாம் விட்டுட்டு லேஸ் பயிற்சிக்கு ஓடுறது ஏன் தெரியுமா? அது நமக்கு ஈஸி. ஒரு ஹால், இருபது ஷட்டில், ஒரு குரூப் ஃபோட்டோ, சர்டிஃபிகேட். முடிஞ்சுது.

இந்த செமஸ்டர் பிராஜெக்ட் ரிவ்யூல யாராவது 'பெண்கள் முன்னேற்றம்', 'கைவினை', 'கூடுதல் வருமானம்'னு ஸ்லைடு போட்டா, பின்னாடி பெஞ்ச்ல இருந்து கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஒரு பீஸுக்கு எத்தனை மணி நேரம்?" பதில் இருந்தா கைதட்டுங்க. இல்லைன்னா ஒரு ஷட்டிலைக் கையில கொடுத்து, அடுத்த ரிவ்யூக்கு ஒரு மோட்டிஃப் பின்னிட்டு வரச் சொல்லுங்க. ஷட்டில் எங்கிட்ட எக்ஸ்ட்ராவா இருக்கு.